ரெண்டாவது தடவைதான் சனத்துக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாடகங்களுக்கு நடுவே கவிதை வாசித்த அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். அது லேசுப்பட்ட காரியமில்லை. வேஷமும் ஆர்மோனியமும் இறங்கிப்போன மேடையில் கவிஞன் ஒரு தாளோடு போய் நிற்கவேண்டும். புத்தகத்தில் வாசிக்கிறவர் புரியாவிட்டால் இன்னொரு தரம் படித்துக்கொள்வார். மைதானத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பவர் எந்தப் பக்கத்தைத் திருப்புவார்?

தொண்ணூறுகளின் தொடக்கம். 1975-இல் மதுரையில் தொடங்கிய தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் 'கலை இரவு'கள் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தன. பாட்டு, நாடகம், கவிதை, பேச்சு எல்லாம் விடியவிடிய நடக்கும். அதைப் பார்த்து மற்றவர்களும் நடத்தினார்கள். அப்படியொரு தை மாத இரவில் பிளவக்கல் அணைக்குக் கீழே ஒரு ஊரில் எனக்கு இடம் கிடைத்தது. பெரியாறு, கோவிலாறு இரண்டு அணையிலும் தண்ணீர் கிடந்த வருஷம். டிராக்டர் டிரெய்லர்தான் மேடை. எனக்கு முன்னால் 'வள்ளி திருமணம்' நாடகத்திலிருந்து ஒரு காட்சி. பபூன் வேஷக்காரர் சனத்தைச் சிரிக்கவைத்துவிட்டு இறங்கினார். நான் ஏறினேன்.

"அணை நெறஞ்சு போச்சாம், எங்க வீட்டுக் குடம் மட்டும் காலி" என்று ஆரம்பித்தேன். ஒரு சலனமும் இல்லை. அடுத்த வரிக்குப் போகுமுன் மேடை ஓரத்திலிருந்து பபூன் கேட்டார்: "எது காலி?"

கூட்டம் சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. சிரிப்பதற்கா எழுதினேன்? வேறு வழியில்லாமல் வரியைத் திரும்பச் சொன்னேன். அவர் விடவில்லை, "எதுய்யா காலி?" என்றார். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா பதில் சொன்னார்: "கொடந்தான்யா, கொடம்!" அடுத்த வரியைச் சொன்னேன்: "அக்கா கொடத்தோட போற வழியிலதான் பள்ளிக்கூடம்."

யாரும் சிரிக்கவில்லை. பபூனும் கேள்வி கேட்கவில்லை.

பிறகு டீ குடிக்கும்போது அவர் சொன்னார்: "தம்பி, மொதத் தடவ சொல்றது காத்துக்கு. ரெண்டாவது தடவைதான் சனத்துக்கு."

இது புது உத்தி ஒன்றுமில்லை. பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ப் பாருங்கள். மார்கழி அத்யயன உற்சவத்தில் அரையர் சேவை நடக்கிறது. உயரமான குல்லாய் வைத்து, கையில் தாளத்தோடு அரையர் பாசுரத்தைப் பாடுவார், அபிநயிப்பார், வியாக்கியானமும் சொல்வார். ஒரே பாட்டு காதுக்கு, கண்ணுக்கு, புத்திக்கு என்று மூன்று தரம் வருகிறது. முத்துக்குறியில் தாய், மகள், குறி சொல்லும் கட்டுவிச்சி எல்லாம் அவர் ஒருவரே. திருவரங்கம், ஆழ்வார்திருநகரி என்று சில கோயில்களில் மட்டுமே மிஞ்சியிருக்கிற கலை நம் வாசலில் இருக்கிறது. கவியரங்கத்தில் மைக்கைப் பிடித்துக் கத்துகிறவர்கள் ஒருமுறையாவது அதைக் கேட்கவேண்டும் என்பது என் கட்சி.

சிவகாசியில் பிறந்த விஸ்வநாததாஸ் என்ன செய்தார்? அதே வள்ளி திருமணத்தில் கொக்கை விரட்டுகிற பாட்டைப் பாடினார். வெள்ளைக் கொக்கு யார் என்று சனத்துக்குத் தெரியும், போலீசுக்கும் தெரியும். பலமுறை சிறை போனார். 1940-இல் சென்னையில் முருகன் வேஷத்தில் மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. நாடகத்துக்கு நடுவே வந்த பாட்டுக்கு அந்த வலு இருந்திருக்கிறது.

"நவீன கவிதை கண்ணுக்கானது, வாய்க்கு இல்லை" என்று சிற்றிதழ் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். பாதி ஒத்துக்கொள்கிறேன். மேடையில் செத்துப்போகிற கவிதைகள் என்னிடமும் உண்டு, நல்ல கவிதைகள்தான். அவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவேன். கொண்டுபோகிறதை நடித்துக் காட்டமாட்டேன். முதல் வரியை இரண்டு தரம் சொல்லிவிட்டுச் சற்று நிற்பேன்.

அந்தப் பபூன் அன்றைக்கு என் தாளைக் கேட்டு வாங்கி மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார். பிற்பாடு ஒரு கோயில் கொடையில் அந்த வரிகளை அவர் தன் வசனமாகவே பேசினார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். என் பேர் இல்லை. 'அக்கா'வை 'தங்கச்சி' ஆக்கிவிட்டாராம். சின்னப் பிள்ளை குடம் தூக்குகிறது என்றால் இன்னும் உறைக்கத்தான் செய்கிறது. ஆனாலும் என் தொகுப்பில் அக்காதான்.