பந்தியில் ஒரு கேள்வி
(சங்கத்தின் சென்ற பொங்கல் விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசுவது முறையா என்னும் தயக்கம் எங்களுக்கும் இருந்தது. ஆயினும் சற்று நேரத்தில் நாம் அனைவரும் ஒரே பந்தியில் அமரப் போகிறோம். எங்கள் பேச்சும் பந்தியைப் பற்றியதே.

எங்கள் மகளுக்குப் பதினோராம் வயதில் சீலியாக் என்னும் நோய் இருப்பதை டில்லி மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. பிசைந்த மாவுக்கு இழுவை தருவது அதுவே. இந்நோயுடையார் அதனை உண்டால், உடலின் காப்பு ஆற்றலே சிறுகுடலைத் தாக்கி, உணவின் சத்தை ஈர்க்கும் குடலுறிஞ்சிகளைத் தேய்த்துவிடுகிறது. கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை டச்சு நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1950ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டில் எடுத்துக்காட்டினார். இன்றளவும் சிகிச்சை ஒன்றே: வாழ்நாள் முழுதும் அப்புரதத்தை விலக்கி உண்பது.

ஊரிலுள்ள உறவினர் இதனை நம்பவில்லை. "சர்க்கரை நோய்க்காரருக்கே கோதுமை கொடுக்கிறார்களே!" என்று வியந்தார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. 2016இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்நோய் வடநாட்டில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும், தென்னாட்டில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவிலும் காணப்பட்டது. இதற்கு இடந்தரும் மரபுக்கூறுகள் இரு பகுதியிலும் ஏறக்குறைய ஒத்தே இருந்தன. உண்ணும் கோதுமையின் அளவே பெரிதும் வேறுபட்டது. நாமோ தெற்கின் உடம்போடு வடக்கின் அடுப்பங்கரைக்குக் குடிவந்தவர்கள்.

வீட்டில் எல்லாம் பழகிவிட்டது. வெளியில் உண்பதே சோதனை. எங்கள் திருமண வெள்ளிவிழாவுக்கு மைத்துனர் ஒருவர் நகரின் பெரிய நட்சத்திர ஓட்டலொன்றில் தென்னிந்திய விருந்து வைத்தார். தோசையும் சாம்பாரும் அரிசியும் பருப்புந்தாமே என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். மகள் மட்டும் மெல்லக் குனிந்து, "எந்தப் பெருங்காயம் போடுகிறார்கள் என்று கேளுங்கள், அப்பா" என்றாள். விருந்தளிப்பவர் எதிரே இருக்கிறார். பரிசாரகர் கைகட்டி நிற்கிறார். "இவ்வளவு பெரிய இடத்தில் பெருங்காயத்தைப் பற்றியா கேட்பது? பேசாமல் சாப்பிடு" என்றோம். அவளும் சாப்பிட்டாள்.

அன்றிரவு முழுதும் வாந்தி. இரண்டு நாள் பள்ளித் தேர்வு போயிற்று. பிறகு வெட்கத்தை விட்டு அந்த ஓட்டலின் தலைமைச் சமையற்காரரைத் தொலைபேசியில் அழைத்தோம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அவர்கள் பயன்படுத்தியதும் அதுவே. ரவா தோசையும் அதே கல்லில்தான் வார்த்தார்களாம். "அன்றே ஒரு சொல் சொல்லியிருந்தால் தனிக்கல்லில் வார்த்திருப்பேனே, ஐயா" என்றார் அவர். அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை.

அதுமுதல் உணவகத்துக்குச் செல்லுமுன்னரே, கூட்டம் இல்லாத மாலை நான்கு மணியளவில், சமையற்காரரோடு பேசிவிடுகிறோம். அப்பளம் பூரி பொரித்த எண்ணெயில் பொரிக்கப்படுகிறதா, சூப்பில் மைதா கரைக்கிறார்களா, சோயா சாஸ் சேர்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறோம். "கோதுமை கூடாது" என்றால் மட்டும் போதாது. "ஆட்டா இல்லை, மைதாதான்" என்று புன்னகையோடு உறுதி கூறிய பரிசாரகர்களைக் கண்டிருக்கிறோம்! தாமே எடுத்து உண்ணும் பஃபே விருந்தை அறவே தவிர்க்கிறோம். அங்கே கரண்டிகள் பாத்திரம் மாறிக்கொண்டே இருக்கும். குளூட்டன் அற்றது என்று விற்கும் உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது நம் நாட்டு விதி. அவ்வளவு நுண்ணிய கணக்குக்கு ஒரு கரண்டி எம்மாத்திரம்? விலை மிகுந்த இடம் என்பதாலேயே அபாயம் குறைவதில்லை. ஆனால் அங்கே தனி வாணலி வைக்க வசதி உண்டு, கேட்டால் வைக்கிறார்கள்.

உண்மையில் சமையற்காரரைவிட உடன் உண்பவரைச் சமாளிப்பதே கடினம். "இவ்வளவு தூரம் வந்து வெறும் தயிர்சாதமா? ஒரு வாய் கேசரி என்ன செய்துவிடும்?" என்பார்கள். அன்பால் சொல்வதுதான். நாங்களும் பல பந்திகளில் பலரை அவ்வாறு வற்புறுத்தியவர்களே.

இன்று நம் சமையற்காரர் கூட்டுப் பெருங்காயம் சேராத சாம்பாரும் ரசமும் தனி அடுப்பில் வைத்திருக்கிறார். அப்பளத்தையும் புது எண்ணெயில் முதலிலேயே பொரித்துவிட்டார். பந்தலின் இடக்கோடியில் சிவப்பு நூல் கட்டிய கரண்டிகள் மூன்று இருக்கும். பரிமாறும் இளைஞர்கள் அவற்றை வேறு பாத்திரத்தில் இடாதிருக்க வேண்டுகிறோம். அந்த வரிசையில் எங்கள் மகளோடு இன்னும் இரண்டு குழந்தைகள் அமர்கிறார்கள். இரண்டாவது குழந்தையின் பெற்றோர் நேற்று மாலைதான் எங்களிடம் வந்து சொன்னார்கள்.