துண்டு முதல் உறுதி வரை

(தெல்தெனியவில் நடந்த தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. அந்த அணை திறந்தது 1985இல். ஆனால் பெயர் இங்கிலாந்து ராணியுடையது. வெள்ளைக்காரன் 1948இல் போய்விட்டான். அவன் விட்டுப்போனது பெயர் மட்டும்தானா?

துப்பாக்கியோடு வந்தவன் காகிதத்தால் ஆண்டான். 1815இல் கண்டி ஒப்பந்தம் எழுதி மலைநாட்டை எடுத்துக்கொண்டான். 1840இல் ஒரு சட்டம் போட்டான். உறுதி காட்ட முடியாத காடும் சேனை நிலமும் முடிக்குச் சொந்தம் என்றான். தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்த சிங்களக் கிராமத்தாரிடம் ஏது உறுதி? அந்த நிலம் ஏக்கர் ஐந்து சில்லிங்குக்குக் கோப்பித் தோட்டமாக விலைபோனது. 1848இல் மாத்தளையில் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். புரன் அப்புவைக் கண்டியில் சுட்டுக் கொன்றார்கள்.

கிராமத்தார் நிலத்தை நம்மவர் பிடுங்கினார்கள் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். பிடுங்கிய கை வேறு. அதே கைதான் பஞ்சத்திலும் கடனிலும் கிடந்த நம் முன்னோரையும் இழுத்து வந்தது. மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1869இல் கோப்பியில் இலைநோய் விழுந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே, இதே கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். பயிர் மாறியது, நம் நிலை மாறவில்லை.

நமக்கும் ஒரு காகிதம் இருந்தது. அதன் பெயர் துண்டு. கங்காணி தந்த முன்பணம், வழிச்செலவு, அரிசி எல்லாம் கடனாக ஏறும். இந்தக் கடனைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று தோட்டம் எழுதிக் கொடுப்பதுதான் துண்டு. அடுத்த தோட்டம் அந்தக் காசைக் கட்டி ஆளை எடுக்கும். தோட்டம் மாறும், கடன் மாறாது. 1921இல்தான் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது.

அதற்குப் பிறகு கிடைத்ததெல்லாம் கேட்டுப் பெற்றது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பொலிஸ் சுட்டதில் தொழிலாளி கோவிந்தன் உயிர்விட்டார். அவரை மறக்கக் கூடாது.

வெள்ளைக்காரன் போன அதே 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மறுபடியும் காகிதம் கேட்டார்கள். லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பாட்டனின் பிறப்புச் சான்று எங்கே கிடைக்கும்? சேனைக்காரனிடம் 1840இல் கேட்ட அதே கேள்வி! கொடி இறங்கியது, கேள்வி இறங்கவில்லை. 1964 ஒப்பந்தத்தில் நம்மைத் தலை எண்ணிப் பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். அண்ணன் ஒரு கரை, தம்பி ஒரு கரை. என் அப்பாயி தன் பிரஜாவுரிமைப் பத்திரத்தைத் தகரப் பெட்டியில், சேலைக்கு அடியில் வைத்திருந்தார். நகையை அவர் அப்படிப் பொத்தி வைத்ததில்லை. மிச்சப் பேருக்கும் உரிமை கொடுக்கும் சட்டம் வர 2003 ஆனது.

இன்று வாக்கு இருக்கிறது. ஆனால் இருக்கிற லயக் காம்பிரா யாருடையது? ஏழு பேர்ச்சஸ் காணி என்ற பேச்சு வருஷக்கணக்காய் நடக்கிறது. வீடு கிடைத்தவர்களிலும் பலர் கையில் உறுதி இல்லை. உறுதி இல்லாவிட்டால் வங்கிக் கடன் இல்லை, வேலை விட்டால் வீடும் நிச்சயமில்லை.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். சம்பளச் சீட்டை வாசித்துப் பாருங்கள். பேர், கொழுந்து நிறுவை, சேமலாப நிதி சரியா என்று பிள்ளைகளிடமாவது கேளுங்கள். குடும்பப் பத்திரங்களை ஒரே இடத்தில் வையுங்கள். காணி தருகிறோம் என்று யார் வந்தாலும், "உறுதி எங்கே, யார் பெயரில்?" என்று கேளுங்கள். வீட்டுக்காரி பெயரும் அதில் ஏற வேண்டும்.

இருநூறு வருஷமாக அவர்கள் எழுதினார்கள், நாம் கைநாட்டு வைத்தோம். இனி வாசித்த பிறகே கையெழுத்து.