கண்ணால் அளக்கிற சூடு

லீவுல ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு கொல்லுப்பட்டறையில வேலை பழகினேன். ஆசாரி அண்ணாச்சி சொன்ன முதல் பாடம்: “நிறத்தைப் பாருங்க தம்பி. மஞ்சளா இருக்கும்போது அடிங்க, சிவப்பு மங்கினா நிறுத்துங்க.”

பக்கத்துலதான் ஆதிச்சநல்லூர். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டினப்போ, முதுமக்கள் தாழிகளோட இரும்பு வாள், ஈட்டியெல்லாம் கிடைச்சது.

சுத்தமான இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேணும். பழைய உலையில அவ்வளவு சூடு வராது. பஞ்சு மாதிரி ஒரு கட்டிதான் கிடைக்கும். அதைக் காய்ச்சிக் காய்ச்சி அடிச்சுத்தான் கசடை எடுக்கணும். எப்போ அடிக்கணும்னு சொன்னது கண்ணுதான்.

கருவிகள் மியூசியத்துல பத்திரமா இருக்கு. அந்தக் கண்ணளவு? அண்ணாச்சி மகன் தூத்துக்குடி ஹார்பர் வேலைக்குப் போயிட்டாரு. உங்க ஊர்ல பட்டறை இருந்தா, உலை அணையறதுக்குள்ள ஒரு நடை போய்ப் பாருங்க.