பிள்ளைகளுக்கு ஒரு விடுதலைப் போரைச் சொல்லித் தருவது

(முன்னாள் மாணவர் சங்கக் கூடல் விழாவில் ஆற்றிய உரை)

 

மெக்கானிக்கல் படித்தவனுக்குச் சரித்திரத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். குடும்பத்தோடு நியூ ஜெர்சியில் இருக்கிறேன். மூத்த மகள் ஐந்தாம் வகுப்பு. பாடத்தில் அமெரிக்க விடுதலைப் போர் வந்தது. ஸ்கூலில் சொல்லித் தருகிறார்கள். ஆனால் கேள்வியெல்லாம் வீட்டில்தான் வருகிறது. உங்களில் பலருக்கும் இதே நிலைமை இருக்கும் என்பதால் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

பிள்ளைகளுக்கு முதலில் கிடைப்பது ஒரு நல்ல கதை. பிரிட்டிஷ் ராஜா வரி போட்டார். 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். 1775 ஏப்ரலில் சண்டை மூண்டது. 1776 ஜூலை 4-இல் விடுதலைப் பிரகடனம். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் வாஷிங்டன் டெலவேர் ஆற்றைக் கடந்தார். 1781-இல் யார்க்டவுனில் காரன்வாலிஸ் சரணடைந்தார். சுபம்!

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நம்ம லேப் ரெக்கார்டு ஞாபகம் வருகிறதா? ரிசல்ட்டை முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தகுந்த மாதிரி ரீடிங்கைப் போடுகிற கலை! (இங்கே இருக்கிற யாரும் அப்படிச் செய்ததில்லை என்று நம்புகிறேன், சார்.) ஜெயித்தவர் கதையும் அப்படித்தான். ஒத்துவராத ரீடிங்கை விட்டுவிடும். அதனால் வீட்டில் நாங்கள் மூன்று கேள்வி வைத்துக்கொண்டோம்.

முதல் கேள்வி: பணம் யாருடையது? பாஸ்டனில் கொட்டிய தேயிலை சீனாவில் விளைந்தது; கொண்டுவந்தது கிழக்கிந்தியக் கம்பெனி. அதே கம்பெனிதான் வங்காளத்தில் வரி வசூலித்தது. 1770 பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தபோதும் வசூலை நிறுத்தவில்லை. கடனில் தத்தளித்த கம்பெனியைத் தூக்கி நிறுத்தத்தான் 1773-இல் தேயிலைச் சட்டம் வந்தது. வங்காளத்தில் செய்ததை இங்கேயும் செய்வார்கள் என்று அமெரிக்காவிலேயே அப்போது எழுதினார்கள்.

இரண்டாவது: விடுதலை யாருக்குக் கிடைத்தது? எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். எதிர்த்தரப்பு அடிமைகள் தப்பிவந்து பிரிட்டிஷ் படையில் சேர்ந்தால் விடுதலை என்று 1775 நவம்பரில் வர்ஜீனியா கவர்னர் அறிவித்தார். போர் முடிந்ததும், 1783-இல், சுமார் 3,000 கறுப்பின மக்கள் நியூயார்க்கிலிருந்து கப்பலேறி நோவா ஸ்கோஷியா போனார்கள். அவர்களுக்கு விடுதலை கொடுத்தது ராஜாவின் படை! அதற்காக அந்த ராஜாவை நல்லவராக்கவும் முடியாது. அவருடைய சாம்ராஜ்யத்தில் அடிமை முறை அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு நீடித்தது.

மூன்றாவது: யாருடைய வீடு எரிந்தது? 1779-இல் வாஷிங்டன் உத்தரவின்பேரில் இரோக்வாய் பூர்வகுடிகளின் 40-க்கும் மேற்பட்ட ஊர்களை எரித்தார்கள். நிற்கிற பயிரையும் விடவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மகள் என்னிடம் கேட்டது இதுதான்: "அப்பா, அப்போ நாம எந்தப் பக்கம்?"

அவளுடைய வகுப்பில் சிலருக்கு அந்தப் போரில் சண்டையிட்ட முன்னோர்கள் உண்டு. நம் பிள்ளைக்கு அந்தக் கதையில் இடமே கிடையாதா? தேடிப் பார்த்தேன். இருக்கிறது, நம்ம கடலூரில்!

1778-இல் பிரான்ஸ் அமெரிக்காவோடு கூட்டுச் சேர்ந்ததும் போர் உலகமெங்கும் பரவியது. அந்த அக்டோபரிலேயே பாண்டிச்சேரியைப் பிரிட்டிஷார் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு மாஹேயையும் பிடிக்க, 1780-இல் ஹைதர் அலி களத்தில் இறங்கினார். அவர் பெயர் அமெரிக்கா வரைக்கும் போனது. 1782 ஏப்ரலில் டெலவேர் விரிகுடாவில் ஒரு பிரிட்டிஷ் கப்பலை ஜெயித்த பென்சில்வேனியாக் கப்பலின் பெயரே 'ஹைதர் அலி'! மகள் இதைப் போய் டீச்சரிடம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட்டாள்.

ஆனால் பெருமையோடு நிறுத்திவிடக் கூடாது. 1783 ஜூனில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கடலூரைப் பிரிட்டிஷார் முற்றுகையிட்டார்கள். இரு படையிலும் நம் நாட்டுச் சிப்பாய்கள். நூற்றுக்கணக்கானோர் மாண்டும் காயம்பட்டும் விழுந்தார்கள். பிரிட்டனும் பிரான்சும் ஜனவரி 20-ஆம் தேதியே ஐரோப்பாவில் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. செய்தி கப்பலில் வந்து சேர்ந்தது ஜூன் கடைசியில். முடிந்துபோன சண்டைக்காக, யாருக்கோ கிடைத்த விடுதலைக்காக, நம்மவர்கள் ரெண்டு பக்கமும் நின்று செத்தார்கள். யார்க்டவுனில் தோற்ற காரன்வாலிஸோ 1786-இல் நமக்கே கவர்னர் ஜெனரலாக வந்து சேர்ந்தார்.

"நாம ரெண்டு பக்கமும் இருந்தோம்மா. எந்தப் பக்கம் ஜெயிச்சாலும் நமக்கு ஒண்ணும் கிடைக்கலை" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தச் சிப்பாய்ங்க பேர் எங்கயாவது எழுதியிருக்கா?" என்று கேட்டாள். இந்தக் கேள்வி வந்துவிட்டால் போதும், பிள்ளை சரித்திரம் படிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இத்தனையும் சொன்னால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்று பெரியவர்கள் பயப்படுகிறோம். கொடியேற்றத்துக்கு அவள் இன்றும் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் எழுந்து நிற்கிறாள். 1776-இல் எழுதிய வார்த்தை நல்ல வார்த்தை. அது யார் யாருக்குக் கிடைக்கவில்லை என்று தெரிந்த பிள்ளைதான் அதை நாளைக்கு மற்றவர்களுக்கும் கேட்டு வாங்கும். இது அமெரிக்கப் பாடத்துக்கு மட்டும் சொல்வதல்ல. நம் நாட்டு விடுதலைப் பாடத்தையும் இந்த மூன்று கேள்வியோடு பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

லீவில் ஊருக்கு வரும்போது பிள்ளைகளை ஒருநாள் கடலூருக்கும் அழைத்துப் போங்கள்.