கைப்பிடிச் சுவர்



ஒரு காலத்தில் நம் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் யாராவது மெட்ராஸ் போய்த் திரும்பினால், அவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "எல்.ஐ.சி. பார்த்தியா?" என்பதுதான். கடலைப் பற்றிக்கூட அப்புறம்தான் கேட்பார்கள். கிராமத்துக் கதாநாயகன் பட்டணத்துக்கு வந்துவிட்டான் என்று சினிமாவில் காட்ட, அந்தக் கட்டிடத்தை ஒரு நொடி காட்டினால் போதும். ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு எம்.ஜி. ரோட்டில் இருக்கும் 25 மாடி யுட்டிலிட்டி பில்டிங் பக்கம். ஆனாலும் 'பதினாலு மாடி' என்றால் நம் பெரியவர்களுக்கு அது எல்.ஐ.சி.தான்.

கோடை விடுமுறையில் நம் பங்கு இளையோரோடும் சில பெற்றோரோடும் சென்னை போனபோது, அண்ணா சாலையில் இறங்கி அதைப் பார்த்தோம். பையன்கள் சிரித்துவிட்டார்கள். "இவ்வளவுதானா ஃபாதர்? பெங்களூர் போற வழியில இதைவிடப் பெரிய அபார்ட்மென்ட் எத்தனையோ நிக்குதே!" உண்மைதான், அதன் உயரம் 177 அடிதான். ஆனால் 1959 ஆகஸ்ட் 23-ஆம் தேதி அது திறக்கப்பட்டபோது, இந்தியாவிலேயே அதைவிட உயரமான கட்டிடம் கிடையாது. எங்களோடு வந்த ஒரு அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து எண்ணியது போலவே, விரலை நீட்டி ஒவ்வொரு மாடியாக எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்தக் கட்டிடத்தை எழுப்பத் திட்டமிட்டவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937-இல் தொடங்கியவரும் அவரே. தம்முடைய காப்பீட்டு நிறுவனத்துக்காக அதைக் கட்டத் தொடங்கினார். 1954-இல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். 1956-இல் அரசு ஆயுள் காப்பீட்டுத் தொழிலை நாட்டுடைமையாக்கியது, கட்டிடமும் எல்.ஐ.சி.யின் கைக்குப் போனது. அவர் பெயராவது நமக்குத் தெரிகிறது. அங்கே சாரம் கட்டியவர், கம்பி வளைத்தவர், தலையில் கலவை சுமந்த சித்தாள் இவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

தொடக்க நூலின் 11-ஆம் அதிகாரத்தில் வரும் பாபேல் கோபுரத்தைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். உயரமாகக் கட்டியதுதான் பாவம் என்பதுபோல் சிலர் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யூத ராபிகளிடையே இதற்குப் பழைய விளக்கம் ஒன்று உண்டு. அந்தக் கோபுரத்தின் மேலிருந்து ஒரு ஆள் விழுந்து செத்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். ஒரு செங்கல் விழுந்தால் உட்கார்ந்து அழுதார்களாம், இன்னொன்று மேலே வந்து சேர எத்தனை காலமாகுமோ என்று. விவிலியத்தில் இது இல்லை. ஆனாலும் அந்த ராபிகள் ஏதோ ஒரு வேலையிடத்தை நேரில் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஞாயிறு திருப்பலியில் பின்வரிசையில் ஜார்க்கண்ட் பிள்ளைகள் சிலர் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். தமிழ்ப் பூசை முழுவதும் புரியாவிட்டாலும் தவறாமல் வருகிறார்கள். சில மாதங்களுக்கு முன் அவர்களில் ஒருவன் பங்கு இல்லத்துக்கு வந்தான். "ஃபாதர், ஒரு பூசை. தோஸ்த்துக்கு" என்று சொல்லிக் கையிலிருந்த கசங்கிய நூறு ரூபாயை நீட்டினான். நண்பன் ஆறாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். கீழே வலை இல்லை, இடுப்பில் பெல்ட் இல்லை. உடலை அன்றிரவே வண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை அதே சாரத்தில் வேலை தொடங்கிவிட்டது.

நான் இதை நம்மவர்கள் சிலரிடம் சொன்னேன். கெட்டவர்கள் இல்லை, தினமும் செபமாலை சொல்கிறவர்கள். ஒருவர், "குடிச்சிருப்பான் ஃபாதர்" என்றார். இன்னொருவர், "இந்தப் பசங்க போன் பேசிக்கிட்டே ஏறுவாங்க" என்றார். விழுந்தவனை இருவரும் பார்த்ததே இல்லை.

லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் இதே பேச்சு வருகிறது. சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து 18 பேர் இறந்திருந்தார்கள். அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று ஆண்டவர் கேட்கிறார். இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். அதோடு விடவில்லை. மனம் மாறாவிட்டால் உங்களுக்கும் அழிவுதான் என்கிறார். கவனியுங்கள், செத்தவனைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு, உயிரோடு நிற்கிறவனின் பக்கம் திரும்புகிறார். 2014 ஜூன் 28-இல் சென்னை மவுலிவாக்கத்தில் கட்டுமானத்திலிருந்த 11 மாடிக் கட்டிடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். வெளி மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் பலர். அவர்கள் செய்த பாவம் என்ன?

சரி, நின்றுகொண்டிருக்கிற நாம் எதில் மனம் மாறுவது? இணைச்சட்டம் 22-ஆம் அதிகாரம், 8-ஆவது வசனம். புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். இல்லாமல் யாராவது விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும். அந்த நாட்டில் வீடுகளெல்லாம் தட்டையான மாடிதான். அங்கேதான் காற்று வாங்குவார்கள், தூங்குவார்கள். பேதுரு செபிக்கப் போனதும் வீட்டு மாடிக்குத்தான். விழுந்தவன் குடித்திருந்தானா, உள்ளூரானா, அசலூரானா என்று சட்டம் கேட்கவே இல்லை. சுவர் இருந்ததா என்று மட்டும் வீட்டுக்காரனைக் கேட்கிறது.

நாம் யாரும் பதினாலு மாடி கட்டப்போவதில்லை. ஆனால் சிப்காட்டில் வேலை பார்த்து, பேங்க் லோன் போட்டு, மேலே ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடுகிற குடும்பங்கள் நம் பங்கில் எத்தனையோ உண்டு. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவர் சொல்கிறார். நாமும் பார்க்கிறோம்: சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட், டைல்ஸ். மேஸ்திரி, "பெல்ட், வலை எல்லாம் போட்டா ரேட் கூடும் சார்" என்று சொன்னால், "சின்ன வேலைதானேப்பா" என்று அந்த வரியைத்தான் முதலில் அடிக்கிறோம்.

ஆகவே வீடு மந்திரிக்க என்னை அழைக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இனி மாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் தீர்த்தம் தெளிப்பேன். வேலை நடக்கும்போதே கூப்பிட்டால் இன்னும் நல்லது, சாரத்தையும் பார்த்துவிடலாம்.

கட்டிட வேலை செய்கிறவர்கள் உங்கள் வீட்டிலோ, பக்கத்து அறைகளிலோ இருந்தால், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 18 முதல் 60 வயதுக்குள், கடந்த ஓராண்டில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும். ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் பங்கு அலுவலகத்தில் நம் இளையோர் இருவர் விண்ணப்பம் நிரப்பித் தருவார்கள். ஒருவருக்கு இந்தி தெரியும். ஆதார் அட்டையையும் பேங்க் பாஸ்புக்கையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.