பீரங்கிக்கு யார் காசு கொடுத்தது?

போடியிலிருந்து போடிமெட்டுக்குப் பஸ்ஸில் ஏறியிருக்கீங்களா? காது அடைக்கும், கீழே ஊர் சுருங்கிக்கிட்டே போகும். அங்கே நின்னு உஸ்மானியர், சஃபாவியர், முகலாயர் பற்றிப் பேசினா விசித்திரமாத்தான் இருக்கும். ஆனா காரணம் இருக்கு.

இந்த மூணு அரசுகளையும் 'வெடிமருந்துப் பேரரசுகள்' என்று சொல்றது வழக்கம். 1453இல் கான்ஸ்டான்டினோபிள், 1514இல் சால்திரான், 1526இல் பானிபட். பீரங்கி வந்தது, பழைய படை தோற்றது, பேரரசு எழுந்தது. எனக்கு இதில் ஒரு சந்தேகம். சால்திரானில் உஸ்மானியப் பீரங்கிகிட்ட தோற்றவங்களே சஃபாவியர்தான். ஆனாலும் அவங்க அரசு அதுக்கப்புறம் 200 வருஷம் நின்னுச்சு! அப்போ பீரங்கி மட்டும் போதாது. அதை வார்க்க, சிப்பாய்க்குச் சம்பளம் கொடுக்கக் காசு வேணும். அது நிலவரியிலிருந்துதான் வரும்.

இதைச் சின்ன அளவில் நம்ம பக்கத்திலேயே பார்க்கலாம். 1755இல் ஹைதர் அலி மைசூரின் ஃபவுஜ்தாரா திண்டுக்கல்லுக்கு வந்தார். போடி உட்பட மலையடிவாரப் பாளையங்கள் அந்தச் சீமையில் அடங்கியவை. கப்பம் கட்டாத பாளையக்காரர்களை அடக்கினார். பிரெஞ்சுக்காரர்களை வெச்சு பீரங்கிப் பட்டறை போட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணக்கைப் பார்த்தவர் கண்டே ராவ். (பின்னாடி அவரே ஹைதருக்கு எதிராத் திரும்பி, இரும்புக்கூண்டில் அடைபட்டது தனி எபிசோட்.) ஆறே வருஷத்தில், 1761இல், மைசூர் ஹைதர் கையில்.

பாளையக்காரர் கட்டின கப்பம் அவர் வீட்டுப் பணமா? இல்லைங்க. அடிவாரத்துப் புஞ்சையில் கம்பும் சோளமும் விதைச்சவன் கொடுத்தது. பேரரசுக் கதைகளில் அவன் பேர் வர்றதே இல்லை.

'இது மதச்சண்டைதானே' என்று ஃபார்வர்டு மெசேஜ் வரும். 1772இல் கணவரை இழந்த வேலு நாச்சியாருக்குப் புகலிடம் கிடைத்தது இதே திண்டுக்கல் சீமையில், விருப்பாச்சி கோபால நாயக்கரிடம். படை உதவி செய்தவர் ஹைதர். 1780இல் சிவகங்கை மீண்டது. நாயக்கர் பாளையங்களை அடக்கினவரும் இதே ஹைதர்தான். ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

மகன் திப்பு 1786இல் அங்கீகாரம் கேட்டு இஸ்தான்புல்லுக்கே தூதர்களை அனுப்பினார். மஸ்கட்டில் வணிகக்கோட்டம் வெச்சு சந்தனம், மிளகு, ஏலம் விற்றார். அது நம்ம மலைச் சரக்குன்னு சொல்ல மாட்டேன். ஆனா வளைகுடாவுக்குப் போகிற வழி அதேதான். போடி ஏலம் இன்னைக்கும் அங்கேதான் காபியில் விழுது.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. திண்டுக்கல் சீமை கும்பினிக்குப் போச்சு. புஞ்சைக்காரனிடம் அடுத்து வரி கேட்டு வந்தவர் கலெக்டர்.