தோரோ அராஜகவாதியா?



அமெரிக்க அறிஞர் ஹென்றி டேவிட் தோரோவை (1817–1862) அராஜகவாதி என்று ஒரே சொல்லில் தீர்த்துவிடுகிறவர்கள் பலர். அரசாங்கமே கூடாதென்றவரிடம் அரசாங்கச் சீர்திருத்தத்தைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது என்பது அவர்கள் வாதம். இது எவ்வளவு தூரம் சரி என்று நாம் யோசிக்க வேண்டும்.

1846-ம் வருஷம் ஜூலை மாதம், மாசசூசெட்ஸ் மாகாணத்துக் கான்கார்டு ஊரில், தலைவரி கட்ட மறுத்ததற்காகத் தோரோ சிறையில் அடைக்கப்பட்டார். வேறொருவர் அவ்வரியைக் கட்டிவிடவே மறுநாள் விடுதலையானார். ஏன் மறுத்தார்? மனிதனை மாடுபோல் விற்கும் அடிமை முறையை அந்த அரசாங்கம் காத்து வந்தது. அவ்வருஷமே மெக்சிகோவின்மீது யுத்தமும் தொடுத்தது. ஆனால் அதே தோரோ சாலை வரியை மாத்திரம் மறுக்காமல் கட்டி வந்தார். அரசாங்கம் என்றாலே பகை என்பவர் சாலைக்கு ஏன் பணம் கொடுக்கிறார்?

1848-ல் பேசி 1849-ல் அச்சிட்ட தமது கட்டுரையில் அவரே இதை விளக்கியிருக்கிறார். மக்கள் பக்குவமடைந்தால் ஆளாத அரசாங்கமே மேலானது என்கிறார். ஆனால் அது ஒரு நாள் வரவேண்டிய நிலை. இன்றைக்கு வேண்டுவது அரசாங்கம் இல்லாமை அல்ல, இதைவிட நல்ல அரசாங்கம். அதுவும் உடனே வேண்டும் என்கிறார்.

சரி, அதற்கு வழி என்ன? ஓட்டுப் போட்டுவிட்டு மெஜாரிட்டி வரும் வரையில் காத்திருப்பதா? அது நியாயம் ஜெயித்தால் நல்லது என்று ஆசைப்படுவதே தவிர, நியாயத்தைச் செய்வதாகாது என்பது அவர் அபிப்பிராயம். அன்றியும், அடிமை முறை ஒழியாததற்குத் தெற்கத்தி எஜமானர்களை மாத்திரம் அவர் குறை கூறவில்லை. வியாபாரமும் விளைச்சலுமே பெரிதென்றிருந்த தம் சொந்த மாகாணத்து வியாபாரிகளையும் விவசாயிகளையுமே பிடித்து உலுக்கினார். வாயால் கண்டனம், கையால் வரி! இதற்குப் பெயர் எதிர்ப்பா?

நிற்க. ஒருவர் ஓர் இரவு சிறையிலிருந்தால் அடிமை முறை ஒழிந்துவிடுமா என்று கேட்கலாம். ஒழியவில்லைதான். நான்கு வருஷ உள்நாட்டு யுத்தத்திற்குப் பின், 1865-ல் அரசியல் சட்டத் திருத்தத்தால்தான் அது நாடு முழுவதும் ஒழிந்தது. அப்போது தோரோ உயிரோடில்லை. ஆகவே நல்ல சட்டமும் அதைச் செய்யும் அரசாங்கமும் தேவையென்பதில் தடையில்லை. ஆனால், அந்தச் சட்டம் வரும் வரையில் அநியாயத்துக்கு நம் கையாலேயே தீனி போட்டுக்கொண்டிருக்கலாமா என்பதே தோரோவின் கேள்வி.

தோழர்களே! சர்க்காரைத் திட்டுவது சுலபம். அதன் அநியாயத்தில் நம் பங்கு எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதுதான் கஷ்டம். தோரோ அந்தக் கணக்கைப் பார்த்தார். நாமும் பார்ப்போமாக.